வயலின் கத்துக்க டீச்சர் வேணுமா, யூடியூப் போதுமா?

கேள்வி என்னன்னா, பெங்களூர் மாரத்தஹள்ளியில இருக்கற ஒருத்தங்க, ஐடி வேலை, வயசு முப்பத்தி மூணு, முன்ன பின்ன சங்கீதம் கத்துக்கிட்டதில்ல, கர்நாடக வயலின் வாசிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆன்லைன்ல ஒரு வயலின் வாங்கி ரெண்டு மாசமா யூடியூப் பாத்து வாசிக்கறாங்க. சத்தம் கீச்கீச்னு வருது, கழுத்து வலிக்குது. மல்லேஸ்வரத்துல ஒரு டீச்சர் வாரம் ஒரு தனி க்ளாஸ், க்ளாஸுக்கு 800 ரூபான்னு சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரர் "எல்லாம் நெட்லயே கெடக்குது, மாசம் மூவாயிரத்துக்கு மேல எதுக்கு குடுக்கணும்"ங்கறார். தானே கத்துக்க முடியுமா, இல்ல டீச்சர்கிட்ட போய்த்தான் ஆகணுமா?

நான் பெங்களூர்ல ரொம்ப வருஷமா வயலின் சொல்லித் தர்றேன், அதனால டீச்சர் பக்கம் சாய்ஞ்சுதான் பேசுவேன்னு நீங்க நெனைக்கலாம். ஆனா என்கிட்ட வந்து கேக்கறவங்க சில பேர்கிட்ட "உங்களுக்கு இப்ப க்ளாஸ் வேணாம், வீட்டுலயே வாசிங்க"ன்னு சொல்லி அனுப்பறதும் உண்டு. உங்க விஷயத்துல என் பதில், ஆரம்பத்துல கண்டிப்பா ஒரு ஆள் வேணும், ஆனா வருஷக்கணக்கா வாரா வாரம் வேணும்னு இல்ல.

உங்க வீட்டுக்காரர் சொல்றதுல நியாயம் இருக்கு. முதல் பாடமான சரளி வரிசையிலேருந்து கச்சேரியில விரிவா வாசிக்கற ராகம் தானம் பல்லவி வரைக்கும் இன்னிக்கு நெட்ல இல்லாத பாடமே கெடையாது, அதுலயும் பெரிய பெரிய வித்வான்களே சொல்லித் தர்ற வீடியோ இருக்கு. பாடத்துக்காக மட்டும் டீச்சருக்கு காசு குடுக்கறதுன்னா அது வீண்தான். பிரச்சனை என்னன்னா வீடியோவுல இருக்கறவரை நீங்க பாக்கறீங்க, அவர் உங்களைப் பாக்கறதில்ல. உங்க கட்டைவிரல் வயலின் கழுத்தை இறுக்கிப் புடிச்சிருக்கறது அவருக்குத் தெரியாது, உங்க காந்தாரம், அதாவது க ஸ்வரம், கொஞ்சம் கீழ போறது அவர் காதுல விழாது. முக்கியமா, அது உங்களுக்கும் தெரியாது. அதனால எந்த வாத்தியம்னாலும் நான் கேக்கற முதல் கேள்வி ஒண்ணுதான், தப்பா வாசிச்சா தப்புன்னு உங்களுக்கே தெரியுமா? தெரியும்னா தாராளமா தானே கத்துக்கலாம். தெரியாதுன்னா அது தெரியற வரைக்கும் பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்கணும்.

கீபோர்டை எடுத்துக்கங்க, கட்டையை அமுக்கினா சரியான சுருதியில சத்தம் வந்துடும், விரல் ஒழுங்கு கொஞ்சம் கோணலா இருக்கலாமே தவிர ஸ்வரம் தப்பாது. கிடார்லயும் விரல் எடத்தைக் காட்டற குறுக்குக் கம்பி, ஃப்ரெட், இருக்கு, சரியா அமுக்கலன்னா தந்தி கொரகொரன்னு சொல்லிடும், ட்யூன் பண்ண போன்லயே ஆப் இருக்கு, அதனாலதான் ஹாஸ்டல் ரூம்ல தானே கத்துக்கிட்டு நல்லா வாசிக்கற பசங்க எவ்வளவோ பேர் இருக்காங்க. கிடார் ஆசைன்னா மணிக்கட்டு எப்படி வைக்கணும்னு ரெண்டு மூணு க்ளாஸ் போயிட்டு மீதியை வீட்டுலயே பாத்துக்கங்கன்னுதான் சொல்லுவேன். வீணையில அதே மாதிரி 24 மெட்டு இருக்கு, ஸ்வர ஸ்தானம் கெடைச்சுடும், ஆனா தந்தியை இழுத்து கமகம், அதாவது ஸ்வரத்தோட அசைவு, வாசிக்கறப்ப எவ்வளவு இழுக்கணும்ங்கறதுக்கு மெட்டு உதவாது. மிருதங்கத்துல தோம், நம்னு வர்ற சொற்கள் எல்லாம் சரியா விழுதான்னு புதுசா வாசிக்கறவருக்கு புரியவே ரொம்ப நாளாகும்.

வயலின் இந்த வரிசையில கடைசி, ஏன்னா அதுல ஃப்ரெட்டும் இல்ல மெட்டும் இல்ல. முழு சைஸ் வயலின்ல தந்தி நீளம் சுமாரா 33 சென்டிமீட்டர், தெறந்த தந்தியிலேருந்து ஆரம்பப் பாட ராகமான மாயாமாளவகௌளையோட ரிஷபம் (ரி) கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் தூரம், அதுல மூணு மில்லிமீட்டர் விரல் தள்ளி விழுந்தாலே ஸ்ருதி சேராது. மேல போகப் போக இந்த தூரமெல்லாம் இன்னும் சுருங்கும். இதுல பயப்பட ஒண்ணும் இல்ல, எல்லாரும் தாண்டி வந்ததுதான், ஆனா காது ரொம்ப சீக்கிரம் பழகிப் போற ஒரு உறுப்பு, தப்பான எடத்துல விரலை வச்சு ரெண்டு மாசம் வாசிச்சா அந்தத் தப்பே சரியாக் கேக்க ஆரம்பிச்சுடும், அப்பறம் சரியான ஸ்வரத்தை யாராவது வாசிச்சுக் காட்டினா அதுதான் ஏதோ மாதிரி இருக்கும். புதுசா வர்றவங்களை விட ஒரு வருஷம் தானே வாசிச்சுட்டு வர்றவங்களுக்கு சொல்லிக் குடுக்கறதுதான் எனக்கு ஜாஸ்தி நேரம் எடுக்குது. நீங்க ரெண்டு மாசத்துலயே கேட்டுட்டீங்க, ரொம்ப நல்லது.

உங்க கழுத்து வலிக்கு வர்றேன். பாக்காமலேயே சொல்றேன்னு நெனைக்காதீங்க, இது நான் அடிக்கடி பாக்கறது. யூடியூப்ல வயலின்னு தேடினா முதல்ல வர்றது முக்கால்வாசி மேற்கத்திய வயலின் பாடம். அதுல நின்னுக்கிட்டு, தாடையில புடிச்சு, தோள்ல ஒரு ரெஸ்ட் மாட்டி வாசிப்பாங்க. நம்ம கர்நாடக முறையில தரையில சம்மணம் போட்டு உக்காந்து வலது காலை கொஞ்சம் முன்னால நீட்டி, வயலினோட சுருள் தலையை அந்தக் கணுக்கால்ல வச்சு, இன்னொரு பக்கம் இடது நெஞ்சு தோள்பட்டையில சாய்ச்சுக்கறோம். வயலின் தானா நிக்கும், தாடைக்கு அங்க வேலையே இல்ல, இடது கை சுதந்திரமா மேலயும் கீழயும் வழுக்கிப் போகலாம், கமகத்துக்கு அந்த வழுக்கல்தான் உயிர். நீங்க பாதி வீடியோ அங்கேருந்தும் பாதி இங்கேருந்தும் பாத்து, தரையில உக்காந்துக்கிட்டு தாடையாலயும் இறுக்கிப் புடிச்சிருப்பீங்க, கழுத்து வலிக்காம என்ன செய்யும்?

ட்யூனிங்லயும் இதே கலப்படம் நடக்கும். மேற்கத்திய முறையில நாலு தந்தியும் ஜி, டி, ஏ, ஈ. நமக்கு ச, ப, ச, ப, அதாவது ஷட்ஜம், பஞ்சமம், மறுபடி ஷட்ஜம், பஞ்சமம். உதாரணத்துக்கு 5 கட்டை சுருதி, அதாவது ஜி-தான் ச-ன்னா, தடிமனான ரெண்டு தந்தி ஜி, டி அப்படியே இருக்கும், மத்த ரெண்டையும் ஏ-யிலேருந்து ஜி-க்கும் ஈ-யிலேருந்து டி-க்கும் எறக்கணும். டீச்சர் சுருதியை இன்னும் கீழ வச்சா எல்லாத் தந்தியும் எறங்கும். பெட்டியோட வந்த பேப்பர்ல இருக்கற மாதிரி ஜி, டி, ஏ, ஈ வச்சுக்கிட்டு சரளி வரிசை வீடியோவைப் பாத்து வாசிச்சா ஒண்ணும் ஒட்டாது, ஏன்னு தெரியாம உங்களுக்குத்தான் ஞானம் இல்லன்னு நெனைச்சுடுவீங்க. எத்தனை பேர் இந்த ஒரு காரணத்துக்காக வயலினை பரண்ல போட்டிருக்காங்கன்னு நெனைச்சா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

கீச் சத்தத்துக்கு காரணம் பெரும்பாலும் வலது கை. வில்லை தந்தியைத் தாங்கற பிரிட்ஜ் பக்கத்துல வச்சு ஜாஸ்தி அழுத்தி மெதுவா இழுத்தா கீச்சும், விரல் பலகை மேல போயிட்டா சத்தம் காத்து மாதிரி மெலிஞ்சு போகும், வில்லு பிரிட்ஜுக்கு இணையா போகாம வளைஞ்சு போனா ரெண்டும் மாறி மாறி வரும். புது வில்லுன்னா ரோசின்ங்கற பிசினை நல்லா தேய்க்கணும், தேய்க்காத புது வில்லுல சத்தமே எழும்பாது. வாசிச்சு முடிச்சதும் வில்லோட முடியை தளர்த்தி வைக்கணும், முடியை விரலால தொடக்கூடாது, எண்ணெய் பட்டா தந்தியைப் புடிக்காது. இதெல்லாம் வீடியோவுலயும் சொல்லுவாங்கதான், ஆனா உங்க வில்லு கோணலா போறதை நேர்ல பாக்கற ஒருத்தர் ஒரு நிமிஷத்துல சொல்லிடுவார், உங்க முழங்கையைப் புடிச்சு ஒரு தடவை இழுத்துக் காட்டினா கைக்கே அது புரிஞ்சுடும். என்னைக் கேட்டா முதல் சில மாசம் டீச்சருக்கு குடுக்கற காசுல பாதி இந்த வலது கைக்குத்தான்.

வீட்டுக்காரர் கேக்கலாம், மேதைங்க எல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னு. கர்நாடக சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டு வந்தவர்னு சொல்ற பாலுஸ்வாமி தீட்சிதர், முத்துஸ்வாமி தீட்சிதரோட தம்பி, சென்னையில ஒரு ஐரோப்பிய வயலின்காரர்கிட்டதான் வாசிக்கக் கத்துக்கிட்டார், அதுக்கப்பறம் நம்ம ராகங்களை அதுல வாசிக்கற வழியைத் தானே கண்டுபுடிச்சார், அதை சொல்லித்தர அப்ப வேற யாரும் இல்ல. நம்ம ஊர் பக்கத்து வயலின் மேதை சௌடய்யாவும் அப்படித்தான், மைசூர்ல பிடாரம் கிருஷ்ணப்பாகிட்ட பல வருஷம் குருகுலமா கத்துக்கிட்டவர், மைக் இல்லாத காலத்துல கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்னு ஏழு தந்தி வயலினை உருவாக்கினது அவரோட சொந்த யோசனை. மல்லேஸ்வரம் பக்கம் வயலின் வடிவத்துலயே ஒரு ஹால் இருக்கே, 1980ல திறந்தது, அது அவர் பேர்லதான். கை பழகறதுக்கு ஒரு ஆள்கிட்ட போனவங்க, அதுக்கு மேல தன் வழியில போனாங்க. உங்களுக்கும் நான் சொல்றது அந்த வழிதான்.

இப்ப நீங்களே பண்ண வேண்டிய பங்குக்கு வர்றேன், இதுதான் பெரிய பங்கு. வாரத்துல க்ளாஸ் முக்கால் மணி நேரம், தெனம் அரை மணி வாசிச்சா வாரத்துக்கு மூணரை மணி நேரம், அந்த மூணரை மணி நேரமும் நீங்க தனியாத்தான் இருக்கப் போறீங்க. தனியா இருக்கறப்ப உங்க தப்பை உங்களுக்கு காட்டிக் குடுக்கற வழிங்க சிலது இருக்கு. பின்னணியில சுருதி போடற தம்புரா ஆப்பை போடாம ஒரு நாளும் வாசிக்காதீங்க. ட்யூனர் ஆப்பை தெறந்த தந்தி சேக்கறதுக்கு மட்டும் வச்சுக்கங்க, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முள்ளைப் பாத்துக்கிட்டே வாசிச்சா கண்ணுதான் பழகும், காது பழகாது.

இன்னொண்ணு ரொம்ப அழகான விஷயம். பஞ்சமத் தந்தியில மூணாவது விரல் வச்சா மேல் ஷட்ஜம் வரும், அதை சுத்தமா வாசிச்சா பக்கத்துல நீங்க தொடாத ஷட்ஜத் தந்தி தானா அதிரும், வில்லை எடுத்த பெறகும் அந்த ரீங்காரம் ஒரு நொடி நிக்கும், தந்தியை உத்துப் பாத்தா நடுங்கறது கண்ணுக்கே தெரியும். விரல் கொஞ்சம் தள்ளியிருந்தா அந்த அதிர்வு வராது. வயலினே உங்களுக்கு சரி தப்பு சொல்லுது, வேற யாரும் வேணாம். என் க்ளாஸுக்கு வர்றவங்களுக்கு நான் இதைத்தான் முதல்ல காட்டுவேன், அது கேக்கற நாள்ல அவங்க மொகத்துல ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அதுக்காகவே சொல்லித் தரலாம்.

நாம ஏன் மாயாமாளவகௌளையில ஆரம்பிக்கறோம்னு யோசிச்சிருக்கீங்களா? புரந்தரதாசர் வகுத்ததுன்னு சொல்ற இந்த வரிசைங்க வயலின்காரங்களுக்கு ஒரு பெரிய வசதி பண்ணித் தருது. ச ரி க ம, ப த நி ச, இந்த ரெண்டு பாதியிலயும் எடைவெளி அச்சா ஒண்ணு. அதனால ஷட்ஜத் தந்தியில விரல் எங்க விழுதோ அதே எடத்துலதான் பஞ்சமத் தந்தியிலயும் விழும், முதல் விரல் கிட்ட, ரெண்டாவது விரல் நல்லா தள்ளி, மூணாவது ரெண்டாவதை ஒட்டி. ஒரு தந்தியில கை பழகினா இன்னொண்ணு இலவசம். அந்த முதல் விரலுக்கும் ரெண்டாவது விரலுக்கும் நடுவுல இருக்கற இழுவைதான் புதுசா வாசிக்கறவங்களுக்கு கஷ்டம், காந்தாரமும் நிஷாதமும் எல்லாருக்கும் கீழ விழறது அதனாலதான், வீட்டுல வாசிக்கறப்ப அந்த ரெண்டு ஸ்வரத்து மேல மட்டும் ஒரு கண்ணு வச்சுக்கங்க.

ஒவ்வொரு வரிசையையும் முதல்ல வாயால பாடுங்க, தாளம் போட்டு. "எனக்கு பாட்டு வராது"ன்னு எல்லாரும் சொல்றதுதான், குரல் நல்லாருக்கணும்னு யாரும் கேக்கல, வாயில சேராத ஸ்வரம் விரல்ல சேராது, அவ்வளவுதான். வாரத்துல ஒரு நாள் போன்ல ரெக்கார்ட் பண்ணி மறுநாள் கேளுங்க, அன்னிக்கே கேட்டா கை பட்ட பாட்டை நெனைச்சு காது மன்னிச்சுடும். அப்பறம் நேர்ல கச்சேரி கேளுங்க, இந்த ஊர்ல அதுக்கு பஞ்சமே இல்ல, சாமராஜ்பேட்டை ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்துல 1939ல ஆரம்பிச்ச ராமசேவா மண்டலியோட ராமநவமி கச்சேரிங்க, 1905லேருந்து இருக்கற பெங்களூர் காயன சமாஜம். பக்கவாத்தியமா வயலின் வாசிக்கறவரோட வலது கையை மட்டும் ஒரு கச்சேரி முழுக்க பாருங்க, பத்து வீடியோ பாக்கறதை விட ஜாஸ்தி கெடைக்கும்.

காசு கணக்கு. முதல் மூணு மாசம் வாரா வாரம் போங்க, சுமார் பன்னெண்டு க்ளாஸ், 9600 ரூபா. உக்கார்ற விதம், வில்லு, தந்தி சேக்கறது, சரளி வரிசை ஜண்டை வரிசை ஒழுங்கா சுருதியோட வர்றது, இதுக்கு அவ்வளவு தேவைப்படும், சில பேருக்கு இன்னும் ஒரு மாசம் ஆகலாம், அவசரப்படாதீங்க. அதுக்கப்பறம் அலங்காரம், கீதம்னு அடுத்த பாடங்கள் வர்றப்ப ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும், மாசம் 1600, நடுவுல நோட்டேஷனைப் பாத்து நீங்களே வாசிச்சு தயார் பண்ணிக்கிட்டு போங்க. இதுக்கு டீச்சர் ஒத்துக்குவாங்களான்னு முதல்லயே கேட்டுக்கங்க, நெறைய பேர் ஒத்துக்குவாங்க. அதுக்கும் மேல வர்ணம் ஆரம்பிக்கறப்ப மறுபடி வாரா வாரம் ஆக்கிக்கங்க, ஏன்னா அங்கேருந்து கமகம் பெரிசா வருது, நோட்டேஷன்ல அது இல்ல. தோடி ராகத்துல "க"ன்னு ஒரு எழுத்துதான் எழுதியிருக்கும், அதை ஆடாம அசையாம நிறுத்தி வாசிச்சா அது தோடியே கெடையாது, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவுல அது எப்படி அசையுதுங்கறது ஒருத்தர் வாசிச்சு நீங்க கேட்டு, நீங்க வாசிச்சு அவர் திருத்தி, அப்படித்தான் வரும்.

மாரத்தஹள்ளியிலேருந்து மல்லேஸ்வரம் ரொம்ப தூரம், வார நாள்ல சாயங்காலம் அவுட்டர் ரிங் ரோட்ல வயலினோட மாட்டிக்காதீங்க. சனி ஞாயிறு காலையில க்ளாஸ் வாங்கிட்டு, மெட்ரோ பர்ப்பிள் லைன்ல மெஜஸ்டிக் வந்து க்ரீன் லைனுக்கு மாறி சம்பிகே ரோடுல எறங்குங்க. முடியவே இல்லன்னா ஒரு வாரம் நேர்ல ஒரு வாரம் ஆன்லைன்னு வச்சுக்கலாம், முதல் மாசம் மட்டும் எல்லாமே நேர்ல இருக்கட்டும். ஆன்லைன்ல ஜூம் ஆப் வயலின் சத்தத்தை இரைச்சல்னு நெனைச்சு வெட்டிடும், செட்டிங்ஸ்ல ஒரிஜினல் சவுண்டுன்னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணிக்கங்க. போனை மொகத்துக்கு நேரா வைக்காம வலது மணிக்கட்டும் இடது கட்டைவிரலும் தெரியற மாதிரி பக்கவாட்டுல வைங்க. சேந்து வாசிக்கறது மட்டும் ஆன்லைன்ல நடக்காது, சத்தம் பிந்தி வரும்.

உங்க அபார்ட்மென்ட் க்ளப் ஹவுஸ்ல குறைஞ்ச ஃபீஸ்ல க்ரூப் க்ளாஸ் நடக்கலாம், பாட்டுன்னா அது நல்லாவே ஒத்துவரும், வயலினுக்கு வேணாம். ஒரு மணி நேரத்துல பத்து பேர்னா ஆளுக்கு ஆறு நிமிஷம், பத்து பேரும் ஒண்ணா வாசிக்கறப்ப உங்க காந்தாரம் யாருக்குக் கேக்கும்? மூணு பேருக்கு மேல இருந்தா நான் சரின்னு சொல்ல மாட்டேன்.

டீச்சர் நல்லவங்களான்னு பட்டத்தை வச்சு பாக்காதீங்க, ஒரு ட்ரையல் க்ளாஸ் கேளுங்க. நீங்க வாசிக்கறப்ப அவங்க கண்ணு உங்க கையில இருக்கா, போன்ல இருக்கான்னு பாருங்க. தப்பு வந்தா "மறுபடி வாசி"ன்னு மட்டும் சொல்றாங்களா, இல்ல எதனால வந்துதுன்னு சொல்றாங்களா, தானும் வயலினை எடுத்து வாசிச்சுக் காட்டறாங்களா, பாடச் சொல்றாங்களா. முதல் மாசத்துலயே சினிமாப் பாட்டு சொல்லித் தர்றேன்னு ஆசை காட்டறவங்க வேணாம். பெரியவங்க கத்துக்க வந்தா கொழந்தைங்களை மாதிரி அதட்டற ஆளும் வேணாம், முப்பத்தி மூணு வயசுல வேலை முடிச்சு வந்து வில்லை எடுக்கறவங்களுக்கு மரியாதை குடுக்கத் தெரியணும்.

இந்த வாரமே அந்த மல்லேஸ்வரம் டீச்சருக்கு போன் பண்ணி ட்ரையல் க்ளாஸ் கேட்டுட்டு உங்க வயலினையும் கையோட எடுத்துட்டுப் போங்க. பாடம் எடுக்கறதுக்கு முன்னால வாத்தியத்தைப் பாக்கச் சொல்லுங்க, ஆன்லைன்ல வர்ற வயலின்ல பிரிட்ஜ் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கும், இல்ல ரொம்ப ஒசரமா இருந்து தந்தியை அமுக்கவே விரல் வலிக்கும், தந்தியை முறுக்கற பெக் நிக்காம வழுக்கும், பாதி கஷ்டம் அதுலயே இருக்கலாம். பிரிட்ஜ் ஒட்டினது இல்ல, தந்தியோட இழுப்புலதான் நிக்குது, உள்ள இருக்கற சவுண்ட் போஸ்ட்ங்கற சின்னக் குச்சியும் அப்படித்தான், அதனால அதுவரைக்கும் நீங்களா நாலு தந்தியையும் ஒண்ணா தளர்த்திடாதீங்க, மாத்தணும்னா ஒவ்வொண்ணா மாத்துங்க. ராத்திரிதான் நேரம் கெடைக்குதுன்னா பிரிட்ஜ் மேல மாட்டற ரப்பர் ம்யூட் ஒண்ணு வாங்கிக்கங்க, விலை கம்மிதான், பக்கத்து ஃப்ளாட்காரங்களுக்கும் தொந்தரவு இருக்காது.